50 நாள் சிப்பிப்பாறைக் குட்டி: என்ன கொடுப்பது, எப்படிப் பழக்குவது?

வைகைக்கரை · ஜூலை 12, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் சாத்தூரிலிருந்து மாமா ஒரு சிப்பிப்பாறைக் குட்டி கொண்டுவந்து கொடுத்தார். பெட்டை, சந்தன நிறம், இன்றோடு 50 நாள். என் மகள் (7 வயது) "பூரி" என்று பெயர் வைத்துவிட்டாள். மதுரையில் வாடகை வீடு, தரைத்தளம், பின்பக்கம் கொஞ்சம் மண் இடம் இருக்கிறது. நாய் வளர்ப்பது எங்களுக்கு இதுதான் முதல் முறை.

இப்போதைய நிலைமையைச் சொல்கிறேன். அம்மா பால் சோறு பிசைந்து கொடுக்கிறார். குட்டி எப்போது கத்தினாலும் ஒரு கிண்ணம். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை ஆகிவிடுகிறது. மூன்று நாளாக மலம் தண்ணீராகப் போகிறது. வீடு முழுக்க மூத்திரம். மகளின் கால் கொலுசைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. விலா எலும்பு தெரிவதால், பட்டினி போடுகிறீர்களா என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். சமையலறைத் தராசில் நிறுத்திப் பார்த்தேன், 3 கிலோ.

45ஆம் நாள் முதல் ஊசி போட்டிருப்பதாக மாமா சொன்னார். என்ன கொடுக்க வேண்டும், எவ்வளவு, எப்போது? பழக்குவதை எப்போது தொடங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்துப்பெட்டி · ஜூலை 12, இரவு 9:48

தம்பி, கால்நடை ஆய்வாளராக 28 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் வயிற்றுப்போக்கு. குட்டி வாந்தி எடுக்கிறதா? மலத்தில் ரத்தம் உண்டா? துவண்டு படுத்திருக்கிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் இப்போதே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மூன்று கிலோ குட்டியின் உடம்பில் நீர் வற்ற அதிக நேரம் ஆகாது.

அது எதுவும் இல்லை, குட்டி துள்ளி விளையாடுகிறது என்றால் எனக்குப் பாலின் மேல்தான் சந்தேகம். தாய்ப்பாலை மறக்கும் வயதில், பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் சக்தி குட்டிக்குக் குறையத் தொடங்கும். செரிக்காத சர்க்கரை குடலில் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், பேதி ஆகும். பாலை இன்றே நிறுத்துங்கள். தயிரில் லாக்டோஸ் குறைவு என்பதால் பெரும்பாலான குட்டிகள் தாங்கும். ஆனால் இப்போதைக்கு அதுவும் வேண்டாம். நன்கு குழைந்த சோறு, தோலும் எலும்பும் இல்லாத வேகவைத்த கோழிக்கறி, உப்பும் மசாலாவும் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குடிக்கத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். நாளை காலையிலும் இப்படியே போனால் மருத்துவமனைதான்.

பூச்சி மருந்து கொடுத்தீர்களா? உருண்டைப் புழு தாய் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்கு வந்துவிடும். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து 15 நாளுக்கு ஒரு முறை, மூன்று மாதம் வரை. பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, ஆகவே மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பதால் இதில் அசட்டை கூடாது. நாயின் புழு முட்டை மண்ணிலிருந்து பிள்ளைகளின் வாய்க்கும் போகும்.

வைகைக்கரை · ஜூலை 12, இரவு 10:02

வாந்தி இல்லை ஐயா, ரத்தமும் இல்லை. ஓடி ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. பூச்சி மருந்து ஒரு தடவை கொடுத்தார்களாம், தேதி தெரியவில்லை. பாலை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

கரிசல்காட்டான் · ஜூலை 13, காலை 6:15

சாத்தூர்ப் பக்கத்துக் குட்டி என்றதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சிப்பிப்பாறைதான். 2005இல் அஞ்சல் துறை நாய்களுக்காக நான்கு தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையம் இடம்பிடித்தது, சிப்பிப்பாறைக்கு இடமில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

விலா தெரிவதற்குப் பயப்படாதீர்கள். இது ஓடி இரை பிடிக்கிற இனம். வயிறு ஒட்டி, நெஞ்சு இறங்கி, கடைசி இரண்டு மூன்று விலா தெரிந்தால்தான் சிப்பிப்பாறை. பக்கத்து வீட்டார் பார்த்தது லேப்ரடாராக இருக்கும். ஆனால் முதுகெலும்பு முள்முள்ளாகத் துருத்திக்கொண்டிருந்தாலோ, வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருந்தாலோ அது வேறு, பூச்சியாக இருக்கலாம்.

சாப்பாட்டுக்கு நாங்கள் காலம் காலமாகக் கொடுப்பது கேப்பைக் கூழ், கம்பங்கூழ், மோர். வாரம் ஒரு நாள் கறி. அதில் வளர்ந்த நாய்கள் முயல் வேகத்துக்கு ஓடின. கடையில் விற்கும் தீவனம் எல்லாம் தேவையே இல்லை.

பழக்குவதற்கு ஒன்றுதான் சொல்வேன். நாய்க்கு ஒரு பயம் வேண்டும். வீட்டுக்குள் மூத்திரம் போனால் அந்த இடத்தில் மூக்கைத் தேய்த்து, முதுகில் ஒன்று போடுங்கள். இரண்டு நாளில் புரிந்துகொள்ளும்.

கோவை_விசில் · ஜூலை 13, காலை 8:40

கரிசல்காட்டான் ஐயா, உடல்வாகு பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. மூக்கைத் தேய்ப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஒன்பது வருடமாக நாய்களைப் பழக்குகிறேன். என்னிடம் "கெட்டுப்போன நாய்" என்று கொண்டுவருவதில் பாதி, இப்படித் தொடங்கியவைதான்.

ஒரு செயலையும் அதற்குப் பின் வருவதையும் நாய் சேர்த்துப் புரிந்துகொள்ள இடைவெளி ஒன்றிரண்டு விநாடிக்குள் இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு முன் போன மூத்திரத்துக்கு இப்போது அடித்தால், "மூத்திரமும் எஜமானும் ஒரே இடத்தில் இருந்தால் ஆபத்து" என்பதுதான் அதன் தலைக்குள் போகும். அப்புறம் உங்கள் கண்ணெதிரே வெளியில்கூடப் போகாது. கட்டிலுக்கு அடியில் போய்ப் போகும்.

வைகைக்கரை, நீங்கள் சாப்பாட்டையும் பழக்குவதையும் இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். இந்த வயதில் இரண்டும் ஒன்றுதான். குட்டி கத்தும்போதெல்லாம் கிண்ணம் வைத்தால் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, கத்தினால் சோறு வரும் என்று நீங்களே அதற்குக் கற்றுக்கொடுக்கிறீர்கள். இரண்டாவது, வயிற்றில் எப்போது என்ன போகிறது என்று தெரியாவிட்டால் எப்போது வெளியே வரும் என்றும் தெரியாது. நேரத்துக்குச் சாப்பாடு வைத்தாலே வீட்டுக்குள் போகும் தொல்லையில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

மூன்று மாதம் வரை நாலு வேளை: காலை 7, பகல் 11:30, மாலை 4, இரவு 8. கிண்ணம் 15 நிமிடம் இருக்கட்டும், தின்றாலும் தின்னாவிட்டாலும் எடுத்துவிடுங்கள். தின்று முடித்த 10 முதல் 20 நிமிடத்துக்குள் பின்பக்க மண்ணுக்குத் தூக்கிப் போங்கள். தூங்கி எழுந்தவுடன், விளையாடி முடித்தவுடன், படுப்பதற்கு முன் என இந்த மூன்றும் தவறக்கூடாது. மற்ற நேரத்தில் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இரவில் 2 மணி வாக்கில் ஒரு தடவை எழுந்துதான் ஆக வேண்டும், அதுவும் சில வாரம்தான். தினமும் ஒரே இடம், ஒரே சொல். அது போகும்போது பேசாமல் நில்லுங்கள். முடித்த அந்த நொடியில் பாராட்டி, கையிலிருந்து ஒரு துணுக்குத் தீனி. வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கொடுத்ததாகிவிடும்.

உள்ளே போய்விட்டால் சத்தம் போடாமல் துடையுங்கள். பினாயில் வாசம் நமக்குத்தான் சுத்தம். அதன் அடியில் பழைய வாடை குட்டிக்குத் தெரியும், தரையை நக்கினால் உடம்புக்கும் கெடுதல். வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள்.

அம்பத்தூர்_அக்கா · ஜூலை 13, காலை 10:05

அந்த இரவு 2 மணி அலாரம் எங்கள் வீட்டில் 24 நாள் அடித்தது. 25ஆம் நாள் குட்டியே வந்து என் கையை நக்கி எழுப்பியது. பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

மருந்துப்பெட்டி · ஜூலை 13, பகல் 12:30

அளவு கேட்டிருந்தீர்கள். கணக்குப் போட்டே காட்டுகிறேன், குட்டி வளர வளர நீங்களே போட்டுக்கொள்ளலாம். எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கினால், சும்மா படுத்திருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரி கிடைக்கும். 3 கிலோவுக்கு அது ஏறக்குறைய 160. நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அதைப்போல மூன்று மடங்கு, அதாவது 480. நாலு மாதத்துக்கு மேல் இரண்டு மடங்கு போதும். கைபேசியில் கணக்கிட, எடையை மூன்று முறை பெருக்கி (3×3×3 = 27) அதற்கு இரண்டு தடவை வர்க்கமூலம் எடுங்கள், 2.28 வரும். அதை 70ஆல் பெருக்குங்கள்.

480 கலோரி என்றால் எவ்வளவு? குட்டிகளுக்கான உலர் தீவனம் என்றால் சுமார் 130 கிராம் (பையில் கலோரி அச்சிட்டிருப்பார்கள், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்). வீட்டுச் சாப்பாடு என்றால் ஒரு கிண்ணம், அதாவது 150 கிராம் சோறு, வேகவைத்த முட்டை இரண்டு, எலும்பில்லாத வெந்த கோழிக்கறி 80 கிராம். இதை நாலு வேளைக்குப் பிரித்துக்கொள்ள வேண்டும். கிண்ணத்தின் அளவில் சோறு பாதிக்கு மேல் போகக்கூடாது. நம் ஊரில் பத்தில் ஒன்பது பங்கு சோறாக இருப்பதுதான் சிக்கல். வளரும் குட்டியின் தீவனத்தில், ஈரம் நீக்கிப் பார்த்தால், புரதம் குறைந்தது 22.5 சதவீதம் இருக்க வேண்டும். அரிசியில் இருப்பது 7 சதவீதம் அளவுக்குத்தான்.

அடுத்தது கால்சியம். கறியிலும் முட்டையின் உட்பகுதியிலும் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. வெறும் கறி, சோறு மட்டும் தின்று வளர்ந்த குட்டி, ரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கால் வளையும், குதித்தால் முறியும். எத்தனையோ பார்த்திருக்கிறேன். முட்டை ஓட்டைக் கழுவி, வேகவைத்து, காயவைத்து, மாவாக அரைத்து வையுங்கள். அரை டீஸ்பூனில் ஏறக்குறைய ஒரு கிராம் கால்சியம் உண்டு. மேலே சொன்ன வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு அந்த அளவு. ஆனால் குட்டித் தீவனம் கொடுத்தால் ஓட்டுத்தூளும் வேண்டாம், கால்சியம் டானிக்கும் வேண்டாம். அதில் ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள். குட்டிப் பருவத்தில் கால்சியம் அதிகமானாலும் எலும்பு கோணலாக வளரும். டானிக் பாட்டிலை ஆசையாக வாங்கி ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

துத்தநாகம், தாமிரம், அயோடின் எல்லாம் வீட்டுச் சாப்பாட்டில் சரியாக அமைவது கடினம். அதனால் முதல் ஒரு வருடம் பாதி குட்டித் தீவனம், பாதி வீட்டுச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. அப்போது ஓட்டுத்தூளையும் பாதியாக்கிவிடுங்கள். தீவனத்துக்கு மாற்றுவதை ஒரே நாளில் செய்யாமல் ஒரு வாரத்தில் கால் கால் பங்காக மாற்றுங்கள்.

கரிசல்காட்டான் சொன்ன கேப்பையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, வேறெந்தத் தானியத்திலும் அவ்வளவு இல்லை. ஆனால் அதிலுள்ள ஃபைட்டேட் அந்தக் கால்சியத்தில் ஒரு பகுதியை உடம்பில் சேரவிடாது. சோற்றுக்குப் பதில் நன்றாக வெந்த கேப்பைக் களி வைக்கலாம். முட்டைக்கும் கறிக்கும் பதிலாக வைக்க முடியாது.

கரிசல்காட்டான் · ஜூலை 13, மாலை 5:50

எங்கள் நாய்கள் காட்டில் எலியும் ஓணானும் பிடித்துத் தின்றன. கூழ் மட்டும் தின்று வளர்ந்தன என்று நான் சொன்னது முழுக்கச் சரியில்லைதான். மதுரை வாடகை வீட்டில் எலிக்கு எங்கே போகும். முட்டை கொடுங்கள்.

அடி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் மற்றதை அடக்கித்தான் வைத்திருக்கிறது. நாயும் அந்த ரத்தம்தானே.

கோவை_விசில் · ஜூலை 13, இரவு 7:25

ஐயா, அந்தக் கதையை நானும் நம்பித்தான் தொழிலுக்கு வந்தேன். அதன் வேர் 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. உறவில்லாத ஓநாய்களை ஒரே கூண்டுக்குள் போட்டால் அடித்துக்கொள்ளத்தான் செய்யும். பிறகு காட்டு ஓநாய்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த டேவிட் மெக், 1999இல் எழுதிய கட்டுரையில் அதை மறுத்தார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அம்மா, அப்பா, அவர்களின் பிள்ளைகள். ஒரு குடும்பம். அங்கே சண்டை போட்டுத் தலைமை பிடிப்பது அரிது. கூட்டத் தலைவனைக் குறிக்கும் "ஆல்ஃபா" என்ற சொல்லைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர். அவரே முன்வந்து திருத்தினார் என்பதால்தான் எனக்கு அந்தக் கட்டுரையின் மேல் மதிப்பு.

தாமிரபரணி · ஜூலை 13, இரவு 11:20

சாப்பாடு, பழக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் ஒரு குட்டியை இழந்தவள், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் நாட்டுக் குட்டிக்கு 60 நாள் இருக்கும்போது, ஒரு ஊசி போட்டாயிற்று என்ற தைரியத்தில் தெருவில் இறக்கி நடக்கவிட்டோம். தெரு நாய்கள் மலம் கழிக்கும் காலி மனை. ஒரு வாரத்தில் வாந்தி, அப்புறம் ரத்தப் பேதி. பார்வோ என்ற வைரஸ் நோய். நாங்கள் போன மருத்துவமனையில் முதல் நாள் வெறும் அஜீரணம் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பரிசோதனை செய்து பாருங்கள் என்று கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது.

ஒரு ஊசி போதாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எந்த நாளில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் 16 வாரம் முடியும்வரை மூன்று நாலு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருடம்வரைகூட உயிரோடு இருக்கும். டெட்டாலுக்கும் பினாயிலுக்கும் சாகாது. திரவ பிளீச்சை ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, சுத்தம் செய்த தரையில் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால்தான் சாகும். வெளியே போட்ட செருப்போடு குட்டி இருக்கும் அறைக்குள் போகாதீர்கள்.

வைகைக்கரை · ஜூலை 14, காலை 6:30

படித்துவிட்டு இரவு தூக்கமே வரவில்லை அக்கா. மிகவும் வருத்தமாக இருக்கிறது. காலையில் மலம் கெட்டியாக இருந்தது. இன்றே மருத்துவரிடம் காட்டி அடுத்த ஊசிக்கும் பூச்சி மருந்துக்கும் தேதி எழுதி வாங்கிவிடுகிறேன்.

அப்படியென்றால் 16 வாரம்வரை குட்டியை வெளியே கொண்டுபோகவே கூடாதா?

கோவை_விசில் · ஜூலை 14, காலை 9:15

கொண்டுபோக வேண்டும். தரையில் விடக்கூடாது, அவ்வளவுதான்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14ஆவது வாரம்வரை குட்டியின் மூளை "இது உலகத்தில் சாதாரணம்" என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பட்டியலில் இல்லாதது எல்லாம் பிறகு பயமாக மாறும், பயம் கடியாக மாறும். ஊசி முடிய 16 வாரம், இந்தப் பருவம் முடிய 14 வாரம். இரண்டுக்கும் நடுவில்தான் நாம் வழி கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2008இல் வெளியிட்ட அறிக்கையிலும், முதல் ஊசி போட்டு ஏழு நாள் கழித்து, சுத்தமான இடத்தில் குட்டிகளுக்கான வகுப்பைத் தொடங்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே துண்டில் சுற்றித் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள். மாட்டுத்தாவணியில் ஓரமாகப் பத்து நிமிடம் நில்லுங்கள். பஸ் ஹாரன், ஹெல்மெட் போட்டவர், குடை, தாடி, கண்ணாடி, சக்கர நாற்காலி, ஓடும் பிள்ளைகள், கோயில் மேளம். ஒவ்வொன்றையும் தூரத்தில் பார்க்கும்போது வாயில் ஒரு துணுக்கு கோழிக்கறி. குட்டி தின்ன மறுத்தால் பயந்துவிட்டது என்று பொருள், உடனே இன்னும் தள்ளிப் போங்கள். ஊசி போட்ட, நோயில்லாத பெரிய நாய் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அங்கே விளையாட விடுங்கள்.

இந்தத் துணுக்குகள் எல்லாம் தினசரி அளவிலிருந்தே வர வேண்டும். காலையிலேயே நாள் முழுதுக்குமான தீனியை அளந்து, அதில் நாலில் ஒரு பங்கைத் தனி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். அது சம்பளம். பெயர் சொன்னால் திரும்பிப் பார்த்ததற்கு ஒன்று. மூக்குக்கு மேல் தீனியைக் காட்டிப் பின்னால் நகர்த்தினால் தானாக உட்காரும், பின்பகுதி தரையைத் தொட்ட நொடியில் ஒன்று. ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. அதற்கு மேல் குட்டியால் கவனம் வைக்க முடியாது.

இன்னொன்று. நீங்கள் "உட்கார்" என்பீர்கள், அம்மா "ஒக்காரு" என்பார், மகள் "சிட்" என்பாள். குட்டிக்கு அது மூன்று வேறு சொல். குடும்பமாக உட்கார்ந்து ஒரே சொல்லை முடிவு செய்து, காகிதத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள்.

அம்பத்தூர்_அக்கா · ஜூலை 14, காலை 11:00

அம்மாவிடம் இதையும் சொல்லிவையுங்கள் தம்பி. சாம்பார்ச் சோறு கொடுக்கவே கூடாது. சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு எல்லாமே நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. பாயசத்தில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைச் சாய்த்துவிடும். சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால், வெந்த கோழி எலும்பு, இவையும் ஆபத்துதான். மனிதர்களின் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரையைக் கையால்கூடத் தொட வேண்டாம். எங்கள் மாடியில் ஒரு நாய்க்கு வலி மாத்திரை கொடுத்து வயிற்றில் புண் வந்து, ரத்த வாந்தி எடுத்தது. பிழைத்தது பெரிய பாடு.

வைகைக்கரை · ஜூலை 29, மாலை 6:40

அவசரம். விளையாடும்போது பூரியின் பல் பட்டு மகளின் விரலில் கீறி, லேசாக ரத்தம் எட்டிப் பார்த்தது. வீட்டுக் குட்டிதானே, மஞ்சள் வை என்கிறார் அம்மா. என்ன செய்ய?

மருந்துப்பெட்டி · ஜூலை 29, மாலை 6:44

மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வைக்காதீர்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரத்தைப் பார்த்து. கட்டுப் போட வேண்டாம். நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். அங்கே தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போடுவார்கள். ரத்தம் வந்ததைச் சொல்லுங்கள். இம்யூனோகுளோபுலின் (உடனடிப் பாதுகாப்புக்குக் காயத்தில் போடும் எதிர்ப்பு மருந்து) தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

குட்டிக்கு இன்னும் வெறிநோய் ஊசி போடவில்லை, மூன்று மாதத்தில்தான் போடுவோம். அது பிறந்த இடத்தில் தாய்க்கு ஊசி போட்டார்களா, வேறு நாய் கடித்ததா என்று நமக்குத் தெரியாது. குட்டிக்கும் வெறிநோய் வரும். அறிகுறி வந்தபின் பிழைப்பது இல்லை என்றே சொல்லலாம். பூரியைப் பத்து நாள் கண்காணியுங்கள், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

வைகைக்கரை · ஜூலை 29, இரவு 9:50

முதல் ஊசி போட்டாயிற்று ஐயா. மருத்துவரும் நீங்கள் சொன்னதைத்தான் சொன்னார். மகள் அழவில்லை. பூரியைத் திட்டாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

கோவை_விசில் · ஜூலை 30, காலை 7:30

நல்ல பிள்ளை. திட்ட வேண்டியதும் இல்லை. குட்டிக்குப் பால்பல் 28, ஊசி மாதிரி இருக்கும். ஏழாவது மாதத்துக்குள் 42 நிரந்தரப் பல் வந்துவிடும். நடுவில் ஈறு தினவெடுப்பதால் எதையாவது கடித்தே தீரும். எதைக் கடிக்கலாம் என்பதை நாம் கொடுக்க வேண்டும். ஈரத் துணியை முறுக்கிப் பனிப்பெட்டியில் வைத்து உறையவிட்டுக் கொடுங்கள். பெரிய கேரட்டும் சரி.

பல் தோலில் பட்ட நொடியில் விளையாட்டு நிற்க வேண்டும். கையை வெடுக்கென இழுத்தால் ஓடும் இரை என்று நினைத்து இன்னும் கவ்வும். அசையாமல் நின்று, முகத்தைத் திருப்பி, அரை நிமிடம் எழுந்து போய்விடுங்கள். கடித்தால் ஆள் போய்விடுகிறார் என்பது ஒன்றிரண்டு வாரத்தில் பதியும். மகள் கொலுசைக் கொஞ்ச நாள் கழற்றி வைக்கட்டும். மின்னிக்கொண்டு ஓடும் பொருளைச் சிப்பிப்பாறைக் குட்டி துரத்தாமல் இருக்காது. பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் இருவரையும் தனியே விடாதீர்கள்.

கரிசல்காட்டான் · ஆகஸ்ட் 3, காலை 5:40

இந்த இழையைத் தினமும் படிக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் கடைசியாக இருந்தது செவலை. ஆடு துரத்தியதற்காகக் குட்டியில் ஒரு தடவை வேப்பங்குச்சியால் நன்றாக அடித்தேன். ஆடு துரத்துவதை அது விடவில்லை. ஆனால் பதினொரு வருடமும், நான் துண்டை உதறினாலே தரையோடு படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். என் மனைவி கூப்பிட்டால் எங்கிருந்தாலும் வரும். நான் கூப்பிட்டால் நின்று யோசித்துவிட்டுத்தான் வரும். அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வைகைக்கரை தம்பி, பூரிக்குக் கழுத்துப்பட்டை வாங்கும்போது கவனியுங்கள். இந்த இனத்துக்குக் கழுத்தைவிடத் தலை ஒடுக்கம். சாதாரணப் பட்டையைப் பின்பக்கமாக உருவிக்கொண்டு ஓடிவிடும். இழுத்தால் அளவாக இறுகும் அகலப் பட்டை, அல்லது மார்பில் மாட்டும் பட்டை வாங்குங்கள். வேலி இல்லாத இடத்தில் கயிற்றை விடவே கூடாது. இரை கண்ணில் பட்டால் இதற்குக் காது கேட்காது. முயல் பிடிக்கப் பழக்கு என்று சொந்தக்காரர்கள் சொன்னால் கேட்காதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.

தாமிரபரணி · ஆகஸ்ட் 3, இரவு 8:10

செவலையைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி ஐயா.

வைகைக்கரை · செப்டம்பர் 14, இரவு 8:30

16 வாரம் முடிந்தது! எல்லா ஊசியும் போட்டாயிற்று, வெறிநோய் ஊசியும். வீட்டுக்குள் மூத்திரம் போய் 19 நாள் ஆகிறது. பின்கதவில் போய் நின்று திரும்பிப் பார்க்கிறாள். சாப்பாடு மூன்று வேளையாக்கிவிட்டேன். "ஒக்காரு" என்பதுதான் எங்கள் வீட்டின் ஒரே சொல். அம்மா மற்ற இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் டப்பாவில்தான் சம்பளம் இருக்கிறது என்பதால், பூரி நாள் முழுக்க அவர் பின்னாலேயே சுற்றுகிறாள்.

தீபாவளிதான் கவலை. குக்கர் விசிலுக்கே இன்னும் ஒடுங்குகிறாள்.

கோவை_விசில் · செப்டம்பர் 15, காலை 8:00

ஐந்து வாரம் இருக்கிறது, போதும். கைபேசியில் வெடிச் சத்தம் போடுங்கள், உங்களுக்கே அரைகுறையாகக் கேட்கும் அளவுக்குச் சின்னதாக. சத்தம் தொடங்கியதும் சாப்பாட்டுக் கிண்ணம் வர வேண்டும், சத்தம் நின்றதும் நிறுத்த வேண்டும். அந்த வரிசை முக்கியம். காது நிமிராமல் தின்றால் மறுநாள் ஒரு புள்ளி கூட்டுங்கள். நின்றுவிட்டால் இரண்டு புள்ளி குறையுங்கள். தீபாவளி அன்று மாலை 5 மணிக்குள் நடைக்குக் கூட்டிப்போய் வந்துவிடுங்கள். உள் அறையில் சன்னலைச் சாத்தி, மின்விசிறி முழு வேகத்தில். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள். உங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டால் அணைத்துக்கொள்ளுங்கள், அணைப்பதால் பயம் கூடாது.

மருந்துப்பெட்டி · செப்டம்பர் 15, மாலை 4:20

கருத்தடை எப்போது என்று அடுத்து கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். உடம்பில் கொழுப்புக் குறைந்த வேட்டை இனங்களுக்குச் சில மயக்க மருந்துகள் உடம்பை விட்டு நீங்க நீண்ட நேரம் பிடிக்கும். அறுவைக்கு முன் "சிப்பிப்பாறை" என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வைகைக்கரை · அக்டோபர் 22, காலை 7:15

தீபாவளி முடிந்தது. தூரத்து வெடிகளுக்குக் காதைத் திருப்பினாள், அவ்வளவுதான். எதிர்வீட்டில் ஆயிரம் வாலா வெடித்தபோது நடுங்கினாள். மகளின் மடியில் தலையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். கிண்ணத்தைத் தொடவில்லை. சத்தம் நின்று கால் மணி நேரம் கழித்து எழுந்துபோய்த் தின்றாள். நேற்று காலை வழக்கம்போல வெளியே வந்தாள்.

எடை 11 கிலோ. அணில் விஷயத்தில் மட்டும் ஒன்றும் முடியவில்லை. எத்தனை கோழித் துணுக்கு காட்டினாலும் சரி, வேப்பமரத்தில் அணில் வந்துவிட்டால் நான் அங்கே இல்லாதது மாதிரிதான். கயிற்றை விடுவதில்லை.

கரிசல்காட்டான் · அக்டோபர் 22, காலை 7:40

அணிலுக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது தம்பி.

மழை பிடித்துக்கொண்டதே, ராத்திரி எங்கே படுக்கிறாள்? வெறும் சிமெண்ட் தரையில் விடாதீர்கள். இந்த இனத்துக்கு முடியும் கம்மி, சதையும் கம்மி, ஐப்பசி ஈரம் தாங்காது. இரண்டு சணல் சாக்கைத் தைத்து, உள்ளே பழைய புடவை போட்டுக் கொடுங்கள். உங்கள் அம்மா கட்டிய புடவையாக இருந்தால் இன்னும் நல்லது.

வைகைக்கரை · அக்டோபர் 22, காலை 7:52

ஏற்கெனவே அம்மாவின் கட்டிலுக்குக் கீழே, அம்மாவின் புடவையில்தான் படுக்கிறாள் ஐயா. சாக்கு இன்றைக்கே தைத்துவிடுகிறேன்.